பூச்சி வந்த வழி

வாடகை வீட்டில் பூச்சி வந்தால், அதைக் கொண்டுவந்தவரே சுத்தம் செய்து தர வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பூச்சி எங்கிருந்து வந்தது என்பதை அதன் மரபணுவைப் பார்த்தே ஒரு கருவி சொல்லிவிடும்.

மடிப்பாக்கத்தில் மாடியில் தனியாக இருந்த வீட்டுக்காரம்மா சௌந்தரவல்லி, கீழ்வீட்டில் குடியிருந்த இருதயராஜிடம் மூன்று வாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க பழைய கட்டில்லேருந்துதான் மூட்டைப்பூச்சி மேல ஏறியிருக்கு. காலி பண்ணிடுங்க."

"சோதனை பண்ணிப் பார்த்துடலாம்மா. என்னோடதுன்னா நானே கிளம்பிடறேன்."

சோதனைக்கு வந்த பெண் இரண்டு வீட்டிலும் பூச்சி பிடித்துக் கருவியில் வைத்துப் பார்த்தாள். "முதல்ல மாடிக்குத்தான் வந்திருக்கு. உங்க சோபாவுல. வீடில்லாதவங்க தங்குற காப்பகம் ஒண்ணு தாம்பரத்துல இருக்கே, அங்கேருந்து" என்றாள்.

சௌந்தரவல்லி வீட்டுக்கு வந்துபோகிறவன் மகன் இளஞ்செழியன் ஒருவன்தான். ஞாயிறுதோறும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். கம்பெனி குவார்ட்டர்ஸில் இருப்பதாகச் சொல்லியிருந்தான்.

இருதயராஜிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவர் ஆட்டோ பிடித்தார். காப்பகத்தில் மதியச் சாப்பாட்டு வரிசையில் மகன் தட்டோடு நின்றிருந்தான்.

"வேலை போயி எட்டு மாசமாச்சும்மா" என்றான்.

"பையை எடு. வீட்டுக்குப் போலாம்."

"என் துணியெல்லாம் மூட்டைப்பூச்சிம்மா."

"அங்கயும்தான் இருக்கு. வா" என்றார் சௌந்தரவல்லி.