கூரைமேல் வெள்ளைப் போர்டு

கோதண்டத்துக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே?

பட்டணத்தில் ட்ராம் ஓடிக்கொண்டிருந்த காலம். கடைப் போர்டு எதுவும் கூரைக்கு மேலே நிற்கக் கூடாது என்று கார்ப்பரேஷன் உத்தரவு. ராயபுரத்தில் அவர் தெருவே இறக்கிவிட்டது. கோதண்டமும் தன் தூண்டில் கடைப் போர்டை மனசே இல்லாமல் கழற்றினார். எதிர்ச் சாரி கஸ்பாரின் சோடாக் கடைப் போர்டு மட்டும் ரெண்டு சவுக்குக் கம்பின் மேல் ஜம்மென்று நிற்கிறது!

அதில் எழுத்துகூட இல்லை. மூணு மாசம் முன்னால் மொத்தத்துக்கும் வெள்ளை அடித்துவிட்டார் அந்த மனுஷன்.

"பேரே இல்லாத போர்டு இன்னாத்துக்குய்யா? எறக்கேன்."

"உன் பொண்ணு கல்யாணம் முடியட்டும் கோதண்டம். எறக்கிடறேன்."

"ஏன், உன் போர்டுதான் தாலி எடுத்துக் குடுக்கப் போவுதா?"

கஸ்பார் சிரித்துக்கொண்டே ஒரு கோலி சோடாவை உடைத்து நீட்டினார். சண்டை போட வந்தவனுக்கும் சோடா கொடுத்த காலம், அதெல்லாம் போச்சு! அன்றைக்குக் கோதண்டம் குடிக்கவில்லை. நேரே போய்க் கார்ப்பரேஷனுக்கு மனு எழுதிப் போட்டார். போட்டதைத் தெரு முழுக்கச் சொல்லியும் விட்டார். அவர் வாயில் எது நின்றிருக்கிறது?

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் ஏணியும் ஆளுமாக வந்தார்.

"காரணம் ஏதாச்சும் இருந்தா சொல்லுய்யா, எழுதிக்கிறேன்."

கஸ்பார் கூடி நின்றவர்களைப் பார்த்தார். கோதண்டத்தைப் பார்த்தார். கடைக்குள் போய்ச் சோடா பாட்டிலைத் துடைக்க ஆரம்பித்தார். போர்டு இறங்கியது.

"திமிரு!" என்றார் கோதண்டம், எல்லார் காதிலும் விழும்படி.

மறுநாள் மத்தியானம் மகன் பாஸ்கர் கட்டுமரத்தைக் கரையேற்றிவிட்டு வெறுங்கூடையோடு வந்தான். மூணு மாசமாக அவன் அள்ளி வந்த வஞ்சிரத்தை நம்பித்தான் மகள் மங்கையின் கல்யாணத்துக்கே நாள் குறித்திருந்தது. கோதண்டம் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"இன்னாடா ஆச்சு?"

"எடமே தெரியல நைனா. கடல்லேந்து பாக்கசொல்ல மாதா கோயில் கோபுரத்துக்கு நேரா அந்த வெள்ளைப் போர்டு வந்தா, கீழ பாறை கீது. மீனு அங்கதான் மேயும். நானா கண்டுபுடிச்சது. நாலு பேருக்குத் தெரிஞ்சா எல்லாரும் வந்து வலை போட்ருவாங்க. அதான் கஸ்பார் மாமாவாண்ட மட்டும் சொல்லி, வெள்ளை அடிக்க வெச்சேன்."

கோதண்டம் செருப்பைக்கூட மாட்டவில்லை. தடுமாறிக்கொண்டே தெருவைத் தாண்டினார்.

"யோவ் கஸ்பாரு! எனுக்காச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாய்யா?"

கஸ்பார் இன்றைக்கும் ஒரு சோடாவை உடைத்து நீட்டினார்.

"'ஊர்ல யாருக்குத் தெரிஞ்சாலும் எங்க நைனாவுக்கு மட்டும் தெரியக் கூடாது'ன்னு உன் புள்ள மாதா மேல சத்தியம் வாங்கிக்கினானேப்பா!"