நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம்

உட்காரச் சொல்லியும் மெர்லின் உட்காரவில்லை. எண்பத்து மூன்று வயதில், தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அந்தச் சின்னக் கல்லூரி அலுவலகத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"பெண்கள் கூடைப்பந்துக்குக் கௌரவச் சுவர் வைக்கிறீங்களே, அதுல வெர்லா டிர்க்சன் பேரு ஏன் இல்ல?"

பொறுப்பாளர் கார்லா கணினியைப் பார்த்தாள். "ஐயா, நாலு வருஷம் ஆடியிருக்காங்க. ஒரு பாயின்ட்கூட எடுக்கல. சுத்தமா பூஜ்யம். எதைச் சொல்லிப் பேரைப் பொறிக்கிறது?"

"அந்தப் பெட்டி சொல்றதையெல்லாம் நம்பாதேம்மா. அப்பல்லாம் டீமுக்கு ஆறு பேரு. மூணு பேரு அந்தப் பக்கம் கூடையில பந்தைப் போடணும், மூணு பேரு இந்தப் பக்கம் நின்னு தடுக்கணும். தடுக்கிறவ நடுக்கோட்டைத் தாண்டினாலே தப்பு. இவ தடுக்கிறவ. எங்கேருந்து பாயின்ட் எடுக்கிறது? எதிர் டீம் எவ்வளவு எடுத்துச்சுன்னு பாரு."

கார்லா பழைய தாள்களைப் புரட்டினாள். முகம் மாறியது.

"பக்கத்து ஊர் காலேஜ்ல ஒருத்தி, மத்த மேட்ச்ல எல்லாம் முப்பது, நாற்பதுன்னு அடிச்சிருக்கா. இவங்க தடுத்தப்போ மட்டும் நாலு, ரெண்டு, மூணு..."

"இப்பப் புரியுதா?"

"பேரைச் சேர்த்துடறேன் ஐயா. பொண்டாட்டிக்காக இப்படி அலையறீங்களே, குடுத்து வச்சவங்க அவங்க."

மெர்லினுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"பொண்டாட்டியா? அவ மூஞ்சியைக் கண்டாலே எனக்கு ஆகாது. அந்தப் பக்கத்து ஊர் டீமுக்குக் கோச்சே நான்தாம்மா! நாலு வருஷமும் அவளாலதான் தோத்தோம். அவ பூஜ்யம்னா, அவகிட்ட தோத்த எங்க பொண்ணுங்க யாரு?"