காணாமல் போன குட்டித் துண்டு

"டிரிக்கரை அழுத்தினா உள்ளே என்ன நடக்கும்? சொல்லும்மா, கேப்போம்."

பயிற்சியாளர் மேசைமேல் இருந்த கைத்துப்பாக்கியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதன் ஒரு பக்கத்தைத் திறந்துவைத்து, உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்படி அவள் செய்திருந்தாள். அவர் தலையாட்டினால் நாளை காவலர் பயிற்சிப் பள்ளி விழாவில் எல்லார் கண்ணும் அதன்மேல்தான். அவளுடைய புதுப் பட்டறைக்கும் ஒரு பேர் கிடைக்கும். உதட்டைப் பிதுக்கினால் பட்ட பாடெல்லாம் பாழ். அவரோ லேசில் தலையாட்டுகிற ஆள் இல்லை. மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயரே 'விறைப்பு'.

அறையின் சில்லிப்பிலும் அவளுக்கு வியர்த்தது. கையுறை போட்ட விரலால், தொடாமல் காட்டினாள்.

"டிரிக்கரை இழுத்தா இந்தக் கம்பி நகரும் சார். நகர்ந்து இந்தக் கொக்கியைத் தள்ளும். சுத்தியலை இழுத்துப் பிடிச்சு வெச்சிருக்கிறதே கொக்கிதான். அது விட்டதும் சுத்தியல் பாய்ஞ்சு ஊசியைத் தட்டும். ஊசி போய் தோட்டாவோட முதுகுல ஒரு குத்து."

"டமார்! சரி. மேல்பாகம் பின்னால போயி, அடுத்த தோட்டாவை ஏத்திக்கிட்டு வந்தாச்சு. என் விரல் இன்னும் டிரிக்கர்லயே இருக்கு. அடுத்த குண்டு ஏன் கிளம்பல?"

"நடுவுல ஒரு குட்டித் துண்டு இருக்கு சார். ஒரு தடவை சுட்டதும் கம்பிக்கும் கொக்கிக்கும் பேச்சை நிறுத்திடும். நீங்க விரலைத் தளர்த்தினாத்தான் ரெண்டும் மறுபடி ராசியாகும்."

விறைப்பின் மீசை லேசாக அசைந்தது.

"என் பசங்ககூட இப்படிச் சொன்னதில்ல. எங்கே அந்தத் துண்டு? காட்டு."

அவள் குனிந்தாள். காலையில் அவளே பொருத்திய இடம் காலி!

"ஏங்க, இங்க இருந்ததைப் பாத்தீங்களா?"

ஓரமாக நின்ற கணவன் கூரையைப் பார்த்தான்.

"உங்களைத்தான்! வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவன் பதறிப்போய் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினான்.

"ஒரு துண்டு இல்லேன்னாலும் அது துப்பாக்கி இல்லம்மா. என் பசங்க முன்னால இதை வெச்சா சிரிப்பாங்க." விறைப்பு எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் கணவன் மடக்கென்று விழுங்கினான்.

"சும்மா நாக்குல வெச்சுப் பாத்தேன்டி. உன் சாக்லேட் துப்பாக்கி அப்படிக் கரையும்னு எனக்கு என்ன தெரியும்?"

வாசல்வரை போன விறைப்பு நின்றார். திரும்பிவந்து தொப்பியை மேசைமேல் வைத்தார்.

"அந்தத் துண்டை மறுபடி வார்த்துடும்மா… ரெண்டா வாரு. ஒண்ணு துப்பாக்கிக்கு, ஒண்ணு எனக்கு."