புர்ஜ் குனியாது

"எவ்வளவு நேரமாச் சொல்றேன்! குனிய மாட்டேங்கறான் பாருங்க!"

ஜெயபாரதிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

ஷார்ஜாவில் சர்க்கஸ் போட்டிருந்தார்கள். வெளியே சாயங்காலத்திலிருந்து மணற்காற்று. ஆட்டம் முடிந்து ஜனம் வெளியே வரும் வாசலில், பெரிய இரும்பு வளைவுக்கு அடியில் அன்பரசன் நின்றிருந்தான். ஏழடிக்கு மேல் உயரம். பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் புர்ஜ்; அரபியில் கோபுரம்.

கூடவே மூன்றடி உயர மாயாண்டி. இந்த ஜோடியோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

இன்று என்னவோ, புர்ஜ் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, வளைவைப் பிடித்தபடி விறைத்து நின்றான்.

"அங்கிள், ஷேக் ஹேண்ட்ஸ் ப்ளீஸ்!" ஜெயபாரதியின் மகள் ஷ்ருதி கை நீட்டினாள்.

சிரித்தானே தவிர, கையை இறக்கவில்லை.

"தமிழ்தானே நீங்க?" என்றாள் ஜெயபாரதி. "குழந்தை கெஞ்சுது. கொஞ்சம் குனிஞ்சா என்ன?"

"இன்னைக்கு முடியாது மேடம். பாப்பாவக் கூட்டிட்டு அந்தப் பக்கமாப் போயிருங்க."

"ஏன் முடியாது?"

நெற்றி வியர்வை மூக்கு வழியாகச் சொட்டியது. அதைக்கூட அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

மாயாண்டியோ போட்டோவுக்கு நின்றவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். "போட்டோ மாஃபி, கிடையாது! யல்லா, யல்லா! பின் கேட் வழியாப் போங்க பாய், ஜல்தி!"

நகராமல் நின்ற ஒரு தடியான ஆளை, முழங்காலில் கை வைத்தே தள்ளிக்கொண்டு போனார்.

ஜெயபாரதியின் கணவர் சேதுமாதவனுக்குச் சிரிப்பு வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"அந்தக் காலத்து சர்க்கஸ்ல இவங்களுக்குன்னு தனிக் கூடாரமே இருக்கும். தனி டிக்கெட் வாங்கித்தான் பார்க்கணும். அந்த மவுசு ஞாபகம் வந்திருச்சோ என்னவோ," என்றார்.

"உயரம் இருந்தாப் போதுமா? பணிவு வேண்டாமா?" ஜெயபாரதி எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள். "மேனேஜர் வராம நான் இங்கேயிருந்து நகர மாட்டேன்!"

மாயாண்டி ஓடி வந்தார். "மேடம், கால்ல வேணாலும் விழுறேன். எனக்கு அது ரொம்பத் தூரமில்ல. தயவுசெஞ்சு நகருங்க."

"மேனேஜரைக் கூப்பிடுங்க!"

மேனேஜர் கௌஸ் முகம்மது வந்தார். மாயாண்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்து, காதில் ஏதோ சொன்னார். மேனேஜர் முகம் வெளுத்தது.

"தப்பு எங்க மேலதான் மேடம்." கைகூப்பினார். "ஆபீசுக்கு வாங்க. இப்பவே நடவடிக்கை எடுத்துடறேன்."

ஜெயபாரதி ஜெயித்துவிட்ட மிடுக்கோடு நடந்தாள். ஷ்ருதியைக் கூட்டிக்கொண்டு சேதுமாதவன் பின்னால் போனார்.

வாசலில் வேறு யாரும் இல்லை. உள்ளேயிருந்து எவரும் வந்துவிடாதபடி மாயாண்டி குறுக்கே கயிற்றைக் கட்டினார்.

"தம்பி, கலாஸ்! எல்லாரும் போயாச்சு, விட்ரு!"

அன்பரசன் கைகளை விட்டான். ஒரே எட்டில் வெளியே பாய்ந்தான்.

இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம்.

ஜெயபாரதி திரும்பினாள். சற்று முன் அவளும் குழந்தையும் நின்ற இடத்தில், அந்த இரும்பு வளைவு மொத்தமும் கிடந்தது.

"காத்துல போல்ட்டு கழண்டிருச்சும்மா," என்றார் மாயாண்டி. "இவ்வளவு நேரமும் தம்பிதான் தாங்கிக்கிட்டு நின்னான்."

ஜெயபாரதி ஷ்ருதியை இழுத்து அணைத்துக்கொண்டாள். "இதை... இதை என்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே, தம்பி?"

மரத்துப்போன கைகளை உதறிக்கொண்டே அன்பரசன் சொன்னான்:

"வளைவு விழப்போகுதுன்னு ஒரு வார்த்தை வெளிய வந்தாப் போதும் மேடம், உள்ள இருக்கற ஜனம் பூரா இந்த வாசலுக்குத்தான் ஓடி வரும். அது யார் தலையிலயாவது விழறதுக்கு, என் மேல நாலு திட்டு விழுந்தாப் பரவாயில்லன்னு விட்டுட்டேன்."