தொப்பியும் முக்காடும்

"உன் பின்னலுக்கு இருபத்திரண்டாயிரம் தரேன்னு அந்த சவுரிக்காரன் மலையடிவாரத்துல நின்னுகினு கெஞ்சினான். நான் பேசியிருந்தா முப்பதுக்கு ஏத்தி வுட்டிருப்பேன். நீதான் மாட்டேன்னுட்ட!"

"அது விக்கிற சரக்கு இல்ல பாவா."

மாதா கோயில் வாசலில் நின்று, துப்பட்டாவை இழுத்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னாள் கயல்விழி.

திருத்தணி பஜாரில் லுங்கிக்கடை வைத்திருக்கும் திலீப்புக்கு எதைப் பார்த்தாலும் விலைதான் முதலில் வாயில் வரும். கல்யாணமாகிப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. தேனிலவுக்கு இலங்கை, நீர்கொழும்பு. அறைக் கதவைத் திறந்தால் கடல். அந்தக் கடலுக்காகவே ஓட்டல்காரனோடு போனில் மூன்று நாள் பேரம் பேசியிருந்தான்.

கயல்விழியோ இதுவரை கடலில் கால்கூட நனைக்கவில்லை. முதல்நாள் காலை, சாப்பிடும் இடத்தில் பக்கத்து மேசை அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ விசாரித்தாள். அன்றிலிருந்து போர்ச்சுகீசியர் கட்டியது, டச்சுக்காரர் கட்டியது என்று பழைய மாதா கோயிலாகத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்கிறாள். இது ஏழாவது.

"நாளைக்கு ஃப்ளைட்டு. ஜோடியா கடல்ல நின்னு ஒரே ஒரு போட்டோ கேட்டேன். அதுக்கு வழியக் காணோம். நம்ம மலைக்கே நீ இத்தினி வாட்டி ஏறினதில்ல."

"இங்க பாதிப் பொம்பளைங்க முக்காடு போட்டுகினுதான் இருக்காங்க. யாரும் என்னைத் திரும்பிப் பாக்கறதில்ல. நிம்மதியா இருக்கு."

"அப்ப சாமி கும்புட வரல? ஒளிஞ்சுக்க வந்திருக்க!"

"ரெண்டும்தான். கனகம்மாசத்திரம் ரோட்டுல லாரி அடிச்சு, பதினோரு நாள் கண்ணு தொறக்காம கெடந்தியே, அப்ப நான் கூப்புடாத சாமி உண்டா? எல்லாருக்கும் நன்றி சொல்லவேணாமா?"

திலீப் தலையிலிருந்த தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். கல்யாணப் பத்திரிகை அடித்த பிறகு நடந்த விபத்து அது. 'வேற எடம் பாத்துடலாம்' என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது, ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தவள் இவள். அதற்கு என்ன விலை போடுவது என்று லுங்கிக்கடைக்காரனுக்கு இன்றுவரை தெரியவில்லை.

"தம்பி, தொப்பியைக் கழட்டிப்போட்டு உள்ள வாங்கோ" என்றார் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்.

காலையில் தண்ணீர் பாட்டில் வாங்கப்போகிறேன் என்று கிளம்பி, ஒரு மணி நேரம் கழித்து அந்தத் தொப்பியோடு வந்திருந்தான் திலீப். இட்லி சாப்பிடும்போதுகூட அதை எடுக்கவில்லை.

"நீ போய்ட்டு வா. நான் இங்கியே நிக்கறேன்."

"ஆறு கோயிலுக்கு வந்துட்டு ஏழாவதுல என்னா வீம்பு? பொழைச்சதே நீதான். நீ உள்ள வரலன்னா எப்படி? எடு பாவா அத!"

"எடுக்கறேன். ஆனா ஒரு பேச்சு. உள்ள வந்து நான் தொப்பிய எடுத்தா, கடல்ல வந்து நீ முக்காட்ட எடுக்கணும்."

அவள் முகம் வாடிவிட்டது. "அந்தம்மா கேட்டது உன் காதுலயும் வுழுந்துச்சு இல்ல? இன்னும் யார்னா அதையே கேட்டா?"

"கேக்கட்டும். பதிலுக்குச் சரக்கு கொண்டாந்திருக்கேன்."

"என்னா சரக்கு?"

"பேரம் முடியறதுக்கு முன்னால மூட்டைய அவுக்கிறது எங்க கடையில வழக்கமில்ல."

கயல்விழி பீடத்தில் எரியும் மெழுகுவத்திகளைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள்.

"ஆங்... சரி."

இருவரும் உள்ளே போனார்கள். பீடத்துக்கு முன்னால் நின்று திலீப் தொப்பியைக் கழற்றினான். நேற்றுவரை அலையலையாக இருந்த முடியில் ஓர் இழைகூட மிச்சமில்லை. காலையில்தான் சலூனில் வழித்த மொட்டை, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பளபளத்தது.

கயல்விழி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். துப்பட்டா நழுவி விழுந்தது. அவன் பிழைத்தால் தருவதாக நேர்ந்துகொண்டு, கல்யாணமான மூன்றாம் நாள் திருத்தணி மலையில் அவள் காணிக்கை கொடுத்த பின்னல் இருந்த தலையிலும் அதேபோல ஒரு மொட்டை.

"இனிமே 'என்னம்மா நோய்'னு யார்னா கேட்டா, ரெண்டு பேருக்கும் ஒரே நோய்தான்னு சொல்லு" என்று அவள் கையைப் பிடித்துக் கடல்பக்கம் நடந்தான் திலீப். "எனக்காக நீ குடுத்தது ஒண்ணு, உனக்காக நான் குடுத்தது ஒண்ணு. முடிக்கணக்கு தீந்துச்சு, உசுருக்கணக்குதான் அப்படியே பாக்கி நிக்குது."