இறங்காத ஸ்டேஷன்

மெட்ரோ எங்கள் ஸ்டேஷனில் வந்து நின்றது. கதவு திறந்துகொண்டது.

இந்த ஒரு ஸ்டேஷன் கண்ணில் படக்கூடாது என்றுதான் காலையிலிருந்து அண்ணனை ஊரெல்லாம் இழுத்தடித்தேன். கடைசியில் நாங்கள் போகவேண்டிய தடத்தில் ஏதோ கோளாறு என்று எல்லாரையும் இந்த ரயிலுக்கு மாற்றிவிட்டார்கள்.

அண்ணன் தலையை நீட்டிப் பெயர்ப்பலகையைப் படித்தார்.

"இதுதானேடா உன் வீட்டு ஸ்டேஷன்?"

ஆமாம் என்றேன். வீடு பூட்டிக் கிடக்கிறது, பாப்பாவும் அவள் அம்மாவும் மாமனார் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று காலையில் சொன்ன பொய்யையே வாய் கூசாமல் திரும்பவும் சொன்னேன்.

எங்கே பூட்டிக் கிடக்கிறது? இன்று பாப்பாவுக்குப் பிறந்தநாள். மாமனாரும் மாமியாரும் நேற்றே வந்தாயிற்று. சாயங்காலம் என் மேனேஜர் குடும்பத்தோடு வருகிறார்.

அண்ணன் அமரர் ஊர்தி ஓட்டுகிறவர். ஆஸ்பத்திரிக்கும் சுடுகாட்டுக்குமாக அவர் ஓட்டிய ஓட்டத்தில்தான் நான் படித்து ஆளானேன்.

பிண வண்டிக்காரர் நல்ல நாளும் அதுவுமாக வாசப்படி ஏறணுமா என்று மாமியார் கேட்டபோது நான் வாயே திறக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. நாள் பாஸ் எடுத்து மெட்ரோவில் ஊரைச் சுற்றிக் காட்டி, அப்படியே ராத்திரிக்கு முன்னால் ரயிலேற்றிவிடுகிறேன் என்று நானே யோசனை வேறு சொன்னேன். அடடா, என்ன மூளை!

சுற்றினோம். மியூசியம், துறைமுகம், மிருகக்காட்சி சாலை, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கட்டடங்கள். பூமிக்கடியில் போவதும் மேலே வருவதுமாக இருந்தோம். எதைக் காட்டினாலும் "பிரமாதம்டா" என்றார் அண்ணன்.

பாப்பாவைப் பார்க்கத்தான் லீவு போட்டு வந்த மனுஷன். ஒரு எட்டு வீட்டுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வரலாமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

பாழாய்ப்போன கதவு இன்னும் மூடவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. ஏற்கெனவே அங்கேதான் இருந்தேன்.

ஒருவழியாகக் கதவு மூடியது. ரயில் நகர்ந்தது. எனக்கு மூச்சு வந்தது.

அண்ணன் என் தொடையில் மெல்லத் தட்டினார்.

"பல்லு போனாலும் பாப்பா அழகுதான்டா. பலூன் ஊதினா காத்தெல்லாம் அந்தச் சந்து வழியா போயிடுது. அதுக்கு அவளே சிரிக்கிறா."

சொல்லிவிட்டு அவரும் சிரித்தார்.

பாப்பாவுக்குப் பல் விழுந்தது நேற்று சாயங்காலம். பலூன் பாக்கெட்டை நான் பிரித்து அவள் கையில் கொடுத்தது இன்று காலை, அண்ணனைக் கூட்டிவரக் கிளம்பியபோது.

ஊரிலிருந்து அவர் வரவேண்டிய ரயில் வந்து போய் வெகுநேரம் ஆகியும் ஆளைக் காணோம். பிறகு வெளிவாசல் பக்கமிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்தார். ஸ்டேஷனுக்குள்ளேயே வழி தெரியாமல் சுற்றிவிட்டேன் என்றார்.

இந்த வயசில் இதுகூடத் தெரியாதா என்று, நாலு பேர் பார்க்க, அவரைச் சத்தம் போட்டேன்.