ஏழாம் தொட்டி

"ஏழாம் நம்பர் தொட்டிகிட்ட மட்டும் போகாத அமலா. அதுக்கு வெறும் தண்ணிதான். அதையும் நானே ஊத்திக்கிறேன்."

தினமும் சொல்வதைச் சொல்லிவிட்டு, பேராசிரியர் கிளமென்ட் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உறையூருக்கு மத்தி மீன் வாங்கப் போனார். முள்ளுக்குப் பயந்து முப்பது வருஷம் மீன் பக்கமே போகாத மனிதர், ஒரு வருஷமாகத் தினம் மீன் வாங்கினார். சாப்பிட்டதென்னவோ மனைவி அமலராணிதான்.

அன்று மீன் பையை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், அவருடைய ஆராய்ச்சி மாணவி இளவேனில் தில்லை நகர் வீட்டுக்கு வந்தாள். மொட்டைமாடியில் பன்னிரண்டு தொட்டிகள். எல்லாவற்றிலும் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்த செத்த மண், தொட்டிக்கொரு புங்கங்கன்று. கரி தோண்டி முடித்த நிலத்தில் மறுபடி மரம் வளர எதைப் போட வேண்டும் என்பதுதான் ஆராய்ச்சி. இளவேனிலின் டாக்டர் பட்டமும் அதில்தான் தொங்கியது.

சாணம் போட்டது, சாம்பல் போட்டது எல்லாம் முழங்கால் உயரம். பலகை மாட்டாத பன்னிரண்டாவது வெறும் குச்சி. 'எதுவும் போடாதது' என்று பலகை மாட்டிய ஏழாவது மட்டும் அவள் இடுப்புக்கு மேல் நின்றது.

"ஒண்ணுமே போடாம இருந்தாதான் நல்லா வளரும்னு எப்படிம்மா எழுதறது? நாலு வருஷம் இதுக்கா படிச்சேன்னு சிரிக்க மாட்டாங்களா?"

அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும், பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம்கூடச் சொல்லாததை அமலராணி சொன்னாள்.

"மீன் கழுவுன தண்ணிய நான்தாம்மா ஊத்தினேன். தினம், அவர் குளிக்கப் போனதும். போகாதன்னு சொன்னாரு. அவர் சொல்லி நான் என்னிக்குக் கேட்டேன்?"

தன்னால் ஒரு பெண்ணின் படிப்பும் செத்தவரின் பெயரும் கெட்டதே என்று புலம்பியபடி, அவர் யாருக்கும் காட்டாத நோட்டை எடுத்துவந்து நீட்டினாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டிய இளவேனில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். பிறகு வாசித்தாள்.

"தொட்டி 7: மீன் கழுவிய நீர், தினம் ஒரு சொம்பு. தவக்காலத்தில் நாற்பது நாள் வீட்டில் மீன் இல்லை, இலை மஞ்சள். ஈஸ்டருக்குப் பின் மீண்டும் பச்சை. எதுவும் போடாதது உண்மையில் 12. இளவேனிலுக்குத் தெரியக் கூடாது, அவளுக்கு வாய் நிற்காது. ஊற்று என்றால் அமலா ஊற்ற மாட்டாள். ஆகவே, ஊற்றாதே என்று தினமும் சொல்லவும்."

மறுநாள் காலை சொம்போடு மாடிப்படி ஏறப்போன அமலராணி, குளியலறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டாள்.